கையா, கட்டா?

சீட்டு வித்தைக்காரர்களின் பழைய சண்டையும், சென்னையின் மேற்குப் புறநகர் அதற்குத் தரும் பதிலும்

"கட்டை இப்படிக் கொடுங்க தம்பி, பாக்கலாம்."

எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர் இப்படிக் கேட்கும் நொடியில் சீட்டு வித்தைக்காரர் எந்தக் கட்சி என்பது தெரிந்துவிடும். ஒருவர் சீட்டுக்கட்டை அப்படியே நீட்டுவார். பெரியவர் எண்ணிப் பார்க்கலாம், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கலாம், நகத்தால் சுரண்டலாம். 52 சீட்டும் கடையில் வாங்கியபடியே இருக்கும். இன்னொருவர் அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து, பேச்சோடு பேச்சாக அந்தக் கட்டைச் சட்டைப்பைக்கு அனுப்பிவிட்டு, அதே நிறத்தில் வேறொரு கட்டை மேசைமேல் வைத்திருப்பார். முதலாமவர் நம்புவது தன் விரல்களை. இரண்டாமவர் நம்புவது, தொழிலில் 'கிம்மிக்' என்று சொல்லப்படும் தயார்செய்த சீட்டை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பிறந்தநாள் விழாவுக்கும் கல்யாண வரவேற்புக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழாவுக்கும் போகிற மேஜிக் கலைஞர்களுக்குள்ளும் இந்த வாக்குவாதம் உண்டு. "கிம்மிக்கை வச்சு யார் வேணும்னாலும் பண்ணலாம், அதுல என்ன வித்தை?" என்பது ஒரு பக்கம். "பாக்கிறவங்களுக்கு ஆச்சரியம்தான் வேணும், நீ எத்தனை வருஷம் பழகினேங்கிறது அவங்களுக்கு எதுக்கு?" என்பது மறுபக்கம். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதி, எந்த ஊரில், எந்தத் தரையில், யார் முன்னால் சீட்டை விரிக்கிறோம் என்பதில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டும் என்று நினைக்கிறேன்.

மேடை மந்திரத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. பி.சி. சர்க்கார் 1956-ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்துக் காட்டி, பிரிட்டனையே கலங்கவைத்தபோது, யாரும் எழுந்து வந்து ரம்பத்தைத் தடவிப் பார்க்கவில்லை. மேடைக்கும் இருக்கைக்கும் இடையில் இருக்கும் தூரமே அங்கே பாதுகாப்பு. 'குளோஸ்-அப்' எனப்படும் மேசை வித்தையில் அந்தத் தூரம் இரண்டு அடிதான். பார்ப்பவரின் மூச்சுக்காற்று சீட்டின்மேல் படும். சீட்டு அவர் கைக்கே போய்த் திரும்பும். அதனால்தான் கருவி பற்றிய சண்டை இங்கே இவ்வளவு சூடாக நடக்கிறது.

ஹூடினி தோற்ற இரவு

கிம்மிக் சீட்டு ஏதோ நேற்றைய இணையக்கடைச் சரக்கு என்று நினைப்பவர்கள் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டவேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் யோஹான் நெபோமுக் ஹோஃப்ஸின்சர் என்று ஓர் அரசு ஊழியர் இருந்தார். பகலில் நிதித்துறை வேலை. மாலையில் தன் வீட்டுக் கூடத்துக்கு விருந்தினரை அழைத்து, சீட்டு வித்தையை ஒரு கவிதைபோல நடத்திக் காட்டுவார். சீட்டு வித்தையைக் கலையாக்கியவர் என்று இன்றும் உலகம் அவரைத்தான் சொல்கிறது. அவரிடம் அபாரமான கைத்திறன் இருந்தது. கூடவே அவரே வடிவமைத்த தனிச் சீட்டுகளும் இருந்தன. இரண்டையும் அவர் கலந்துதான் பயன்படுத்தினார். அமெரிக்காவில் பிலடெல்பியா நாணயச் சாலையில் வேலைபார்த்த தியோடர் டிலாண்ட், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகைவகையான கிம்மிக் சீட்டுகளைக் கண்டுபிடித்து விற்றார். 1909-ல் பர்லிங் ஹல் கொண்டுவந்த 'ஸ்வெங்காலி' கட்டு இன்றுவரை பொருட்காட்சிக் கடைகளில் ஓடுகிறது. 1936-ல் ஜோ பெர்க் உருவாக்கிய கட்டுதான் பின்னாளில் 'இன்விசிபிள் டெக்' என்று பெயர் பெற்றது. பார்வையாளர் மனதில் நினைத்த ஒரே ஒரு சீட்டு மட்டும் கட்டுக்குள் தலைகீழாகத் திரும்பிக் கிடக்கும். இவையெல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்று இங்கே எழுதப்போவதில்லை. அதை நம்பிப் பிழைக்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

கைக்கட்சிக்கு வேதப்புத்தகம் ஒன்று உண்டு. 1902-ல் எஸ்.டபிள்யூ. எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் வெளியான 'தி எக்ஸ்பர்ட் அட் தி கார்ட் டேபிள்'. எழுதியவர் யார் என்பது இன்றுவரை தீராத புதிர். சீட்டைக் கலைப்பது போலக் காட்டிக் கலைக்காமல் இருப்பது, அடிச்சீட்டைக் கொடுப்பது, உள்ளங்கையில் மறைப்பது என்று விரல்விரலாக அந்தப் புத்தகம் விளக்கும். கருவிகளை அது நம்புவதில்லை. கனடாவில் 1894-ல் பிறந்த டாய் வெர்னன் சிறுவயதிலேயே அதை மனப்பாடமாகக் கற்றவர். உலகச் சீட்டு வித்தைக்காரர்கள் அவரைப் 'பேராசிரியர்' என்றுதான் அழைத்தார்கள்.

அந்த வெர்னன் 1922-ல் சிகாகோவின் கிரேட் நார்தர்ன் ஓட்டலில் புகழ்பெற்ற மந்திரக் கலைஞர் ஹூடினியைச் சந்தித்தார். எந்த வித்தையையும் மூன்று முறை பார்த்தால் போதும், ரகசியத்தைச் சொல்லிவிடுவேன் என்று ஹூடினி சவால் விட்டுக்கொண்டிருந்த காலம். வெர்னன் அவரை ஒரு சீட்டில் தன் பெயரின் முதலெழுத்துகளை எழுதச் சொன்னார். அதைக் கட்டில் இரண்டாவதாகச் செருகினார். விரலைச் சொடுக்கினார். அது மேலே வந்து நின்றது. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று ஹூடினி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிவரை பிடிபடவில்லை. 'ஹூடினியை ஏமாற்றியவர்' என்ற பட்டம் வெர்னனுக்கு வாழ்நாள் முழுதும் நிலைத்தது.

கைத்திறனின் சிகரம் என்று போற்றப்படும் வெர்னன் அன்று கட்டுக்குள் வைத்திருந்தது ஒரு கிம்மிக் சீட்டு. இரண்டு பக்கமும் முதுகு அச்சிட்ட சீட்டு. நூறு ஆண்டுக்கு முந்தைய இந்தச் செய்தி வித்தை நூல்களில் எப்போதோ பதிவாகிவிட்டது, அதனால் சொல்கிறேன். கிம்மிக்கைத் தொட்டாலே தீட்டு என்பவர்கள் தங்கள் பேராசிரியரை எங்கே வைப்பார்கள்?

ஆனால் அந்த ஒரு சீட்டை வைத்துக்கொண்டு வேறு எவராலும் அன்று ஹூடினியை ஏமாற்றியிருக்க முடியாது என்பதும் உண்மை. அதைக் கட்டுக்குள் வைத்திருந்தது எர்ட்னேஸில் ஊறிய கை. அர்ஜென்டினாவின் ரெனே லாவாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வயதில் விபத்தில் வலக்கையை இழந்தவர். மிஞ்சிய இடக்கை ஒன்றை வைத்துச் சாதாரணச் சீட்டில் அவர் செய்ததை, இரண்டு கையும் ஒரு பை நிறையக் கருவிகளும் வைத்திருப்பவர்கள் செய்ததில்லை.

கை பழகியவருக்கே கருவி கைகொடுக்கும் என்பதை அம்பத்தூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது சுலபம். 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டையில் லேத்தும் மில்லிங்கும் பார்த்து வளர்ந்த ஊர் அது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கப் போகிறவனிடம் முதல்நாளே எந்திரத்தைக் கொடுக்கமாட்டார்கள். ஒரு இரும்புத் துண்டையும் அரத்தையும் கொடுத்து, மூலைமட்டத்தில் வெளிச்சம் தெரியாத அளவுக்குக் கையால் ராவச் சொல்வார்கள். கை பழகி, கண் பழகிய பிறகுதான் ஜிக்கும் ஃபிக்சரும். ஜிக் வைத்துத் துளை போடுகிறவரைப் பார்த்து 'ஏமாற்றுகிறான்' என்று எந்த டூல் ரூமிலும் யாரும் சொல்வதில்லை. அரமே பிடிக்காமல் ஜிக்கை மட்டும் நம்பி வந்தவரைத்தான் யாரும் ஃபிட்டர் என்று ஒப்புக்கொள்வதில்லை. கிம்மிக் சீட்டுக்கும் இதே நியாயம்தான்.

சைக்கிள் ஊரில் 'பைசைக்கிள்'

இதுவரை சொன்னது உலகம் முழுக்கப் பொருந்தும். இனிச் சொல்வது நம் ஊர்க்கதை.

உலகச் சீட்டு வித்தைக்காரர்களின் பொதுச்சொத்து ஒரு சீட்டுக்கட்டு: 'பைசைக்கிள்'. அமெரிக்காவின் யுனைடெட் ஸ்டேட்ஸ் பிளேயிங் கார்ட் கம்பெனி 1885 முதல் அச்சிடுவது. முதுகில் தேவதை ஒன்று சைக்கிள் ஓட்டும் சித்திரம், சுற்றிலும் வெள்ளை விளிம்பு. அகலம் 2.5 அங்குலம், நீளம் 3.5 அங்குலம். மேற்பரப்பில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்குழிகள் இருப்பதால் சீட்டுகளுக்கு இடையில் காற்று தங்கும். விசிறிபோல விரித்தால் வழுக்கிக்கொண்டு விரியும். விளிம்பு சீராக வெட்டப்பட்டிருப்பதால் கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்கும் 'ஃபாரோ' கலைப்பும் கைகூடும். மேல்சீட்டும் அடிச்சீட்டும் இடம் மாறாதபடி பிசகில்லாமல் 8 முறை ஃபாரோ செய்தால் 52 சீட்டும் தொடங்கிய வரிசைக்கே திரும்பிவிடும் என்பது கணக்கு. மோசமாக வெட்டிய சீட்டில் ஒரு முறைகூட அதைச் செய்யமுடியாது.

கிம்மிக் செய்கிறவர்களும் பெரும்பாலும் இந்த முதுகுச் சித்திரத்தில்தான் செய்கிறார்கள். அதற்கு ஒரே காரணம், அமெரிக்காவில் அது மளிகைக்கடைச் சீட்டு. பாட்டி வீட்டு மேசை டிராயரில் கிடக்கும் சீட்டு. யாரும் இரண்டாவது முறை உற்றுப்பார்க்கமாட்டார்கள். அந்த அலட்சியத்துக்குள்தான் கிம்மிக் ஒளிந்துகொள்கிறது.

ஆவடியில் அந்தக் கட்டை வெளியே எடுத்தால் என்ன ஆகும்? எடுத்த உடனே எல்லார் கண்ணும் அதன்மேல்தான். "இது என்ன சீட்டு, புதுசா இருக்கே, ஃபாரினா?" என்று கேட்பார்கள். வித்தை தொடங்கும் முன்பே சந்தேகம் தொடங்கிவிடுகிறது. சீட்டு 52-உம் யோக்கியமாக இருந்தாலும், அந்தக் கட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று வீடு திரும்பும்வரை பேசிக்கொள்வார்கள். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் வண்டிகள் உருவான அம்பத்தூரில் நிஜ சைக்கிள் சொந்தச் சரக்கு. சீட்டுச் சைக்கிள் மட்டும் அயலூர்க்காரன்.

அதனால் என் கட்சி இதுதான்: நம் பக்கத்தில் 'சாதாரணச் சீட்டு' என்பது ஃபேன்சி ஸ்டோரிலோ பெட்டிக்கடையிலோ தொங்கும் உள்ளூர்க் கட்டுதான். ரம்மி ஆடி ஆடி மூலை மழுங்கிய கட்டு. ரயிலில் சீசன் டிக்கெட்காரர்கள் மடியில் துண்டு விரித்து ஆடுவார்களே, அந்தக் கட்டு. பார்ப்பவர் வீட்டிலிருந்தே அதைக் கேட்டு வாங்கிச் செய்யத் தெரிந்தவருக்கு நிகரான மரியாதை வேறெந்தக் கருவியாலும் வராது.

கஷ்டம் இல்லாமல் இல்லை. உள்ளூர்ச் சீட்டு பலவற்றில் பிளாஸ்டிக் பூச்சு கனமாக இருக்கும். புதிதில் எண்ணெய்போல வழுக்கும். பத்து நாளில் விரல் பிசுக்கு ஏறி ஒட்டிக்கொள்ளும். அளவும் ஒன்றுபோல இருக்காது, 2.25 அங்குல அகலமுள்ள பிரிட்ஜ் அளவுச் சீட்டும் உண்டு. சிறிய கைக்கு அது வசதி, பெரிய சீட்டில் பழகிய கைக்குத் தடுமாற்றம். இதற்குப் பொருந்தும் கிம்மிக் கடையில் கிடைப்பது அரிது. ஆகவே வேண்டுமென்றால் நாமே செய்துகொள்ள வேண்டும். இரண்டு கட்டு வாங்கி, ஒன்றை வெட்டி ஒட்டி, பொறுமையாகத் தயாரித்துக்கொள்ளும் கலைஞர்தான் என் கணிப்பில் கருவியை முழுதாகப் புரிந்துகொண்டவர். வாங்கிய கிம்மிக்கை எவரும் வாங்கலாம். ஊர்ச் சீட்டில் செய்த கிம்மிக் அந்த ஊரில் மட்டுமே ஒளியும்.

சென்னைக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1820-களின் இறுதியில் இங்கே ஒருவர் அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். ஆங்கிலேயர்கள் அவர் பெயரைச் 'சேஷால்' என்று எழுதிவைத்தார்கள். சம்மணமிட்ட நிலையில் தரைக்கு மேலே இருப்பார். ஒரு கை மட்டும், முக்காலியிலிருந்து நீளும் சுருட்டிய மான்தோலின்மேல் சும்மா பட்டிருக்கும். 1832-ல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. அந்த முக்காலியும் தோலும்தான் வித்தையின் கருவி. துறவியின் கையில் மான்தோல் இருப்பதை மதராஸில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? கருவி என்பது ஊருக்குப் பழகிய பொருளாக இருக்கவேண்டும் என்று அவர் கண்டிருந்தார்.

மின்விசிறி, வியர்வை, ஜமுக்காளம்

வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லாத இன்னொன்று தட்பவெப்பம். பிற்பகலில் மெரினாவைக் குளிரவைக்கும் கடல்காற்று ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் வந்துசேரத் தாமதமாகும். சில நாள் வராது. மே மாதக் கல்யாண மண்டபத்தில் உள்ளங்கை ஈரமாக இருக்கும்போது, சீட்டை அதில் மறைத்தால் ஒட்டிக்கொண்டு விழாது, அல்லது விழக்கூடாத நேரத்தில் விழும். மின்விசிறியைப் போட்டால் விரித்த சீட்டு பறக்கிறது, நிறுத்தினால் வியர்க்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காகிதச் சீட்டு ஈரத்தை உறிஞ்சி வில்லாக வளையும். வளைந்த கட்டில், வேறு தாளில் செய்த கிம்மிக் சீட்டு மட்டும் வளையாமல் நின்றால் குட்டு உடைந்துவிடும். முழுப் பிளாஸ்டிக் சீட்டு ஈரத்துக்கு அசையாதுதான். ஆனால் மடிந்து கொடுக்காது, கிழித்துக் காட்ட முடியாது, பேனாவில் போட்ட கையெழுத்து அழிந்துபோகும். கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் நல்ல வித்தைகளில் பாதி இல்லை. என் ஓட்டு காகிதத்துக்கே. மழைக்காலத்தில் கட்டை அட்டைப்பெட்டிக்குள் இறுக்கி, மேலே கனம் வைத்துப் பாதுகாத்தால் போதும்.

அடுத்தது தரை. ரப்பர் அடித்தளத்தில் மெத்தென்ற துணி ஒட்டிய 'குளோஸ்-அப் மேட்' பற்றி ஏகப்பட்ட சிபாரிசுகள் உண்டு. நம் வீடுகளில் பாதி வித்தை தரையில் நடக்கிறது. கிரானைட்டிலோ டைல்ஸிலோ சீட்டு கிடந்தால் நகம் நுழையாது. எடுக்கவே முடியாமல் திண்டாட வேண்டும். கோரைப் பாயில் விரித்தால் கோரைக்குக் கோரை தட்டி நிற்கும். நான்காக மடித்த ஜமுக்காளம்போல் கைகொடுப்பது வேறில்லை. விரலை அழுத்தினால் அமுங்கும், சீட்டின் விளிம்பு எழும்பும். பவானி ஜமுக்காளம் இருக்கும் வீட்டில் இறக்குமதி மேட்டை விரித்துப் பெருமைப்பட எதுவும் இல்லை.

தரையில் உட்காரும்போது கோணமும் மாறுகிறது. எதிரே பெரியவர்கள், பின்னால் நின்றுகொண்டு எட்டிப்பார்க்கும் பெண்கள், முதுகில் சாய்ந்தபடி குழந்தைகள். மேற்கத்திய மேசையில் எதிர்ப்பக்கம் மட்டும் பார்வையாளர் என்று நினைத்து அமைத்த பல கிம்மிக்குகள் இங்கே நான்கு நிமிடம் தாங்காது. முன்னால் இருப்பவருக்கு அற்புதமாகத் தெரிவது, தோளுக்குப் பின்னால் நிற்கும் எட்டு வயதுப் பெண்ணுக்குப் பட்டவர்த்தனம். அவள் சும்மாவும் இருக்கமாட்டாள். சுற்றிலும் ஆள் இருக்கும்போது செய்யக்கூடிய வித்தைகளை மட்டும் பொறுக்கி எடுப்பதே நம் ஊர்க் கலைஞரின் முதல் பாடம்.

சீட்டு என்றாலே சூது

எந்தக் கருவி என்று பேசுவதற்கு முன்னால், சீட்டுக்கட்டை வீட்டுக்குள் விடுவதே பல குடும்பங்களில் பிரச்சினை. பொருட்பாலில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரின் ஊர் இது. பையன் கையில் சீட்டுக்கட்டைப் பார்த்த அப்பா, அது வித்தைக்கா விளையாட்டுக்கா என்று விசாரிக்கமாட்டார். பள்ளிப் பையில் இருந்தால் கேட்கவே வேண்டாம். குழந்தைகள் விழாவுக்குப் போகும் கலைஞர்கள் இதனால் எண் அட்டை, எழுத்து அட்டை, ஊனோ சீட்டு என்று மாறிக்கொள்வது நல்ல யோசனை. வித்தை குறைந்துபோவதில்லை.

பெற்றோரின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. திருவிழாவிலும் பேருந்து நிலைய ஓரத்திலும் நடந்த 'மூணு சீட்டு' எத்தனை பேரின் சம்பளத்தை விழுங்கியிருக்கிறது! ராணி எங்கே என்று காட்டினால் பணம் இரட்டிப்பு. கூட்டத்தில் ஜெயிப்பவர் கூட்டாளி. சீட்டின் மூலை மடிந்திருப்பதைக் காட்டி ஆசை ஊட்டுவதும் அவரே. அந்த மூன்று சீட்டில் கிம்மிக் எதுவும் கிடையாது. சுத்தமான கைத்திறன்! கைக்கட்சிக்காரர்களின் வேதப்புத்தகமும் சூதாட்ட மேசையில் ஏமாற்றுவதற்கான கையேடுதான். ஆகவே கைத்திறன் உயர்ந்த ஒழுக்கம், கருவி தாழ்ந்த குறுக்குவழி என்ற பேச்சை நான் ஏற்பதற்கில்லை.

கருவியை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009-ல் மறைந்த பி. பிரேமானந்த். காற்றில் விபூதி வரவழைப்பது, எரியும் கற்பூரத்தை விழுங்குவது என்று சாமியார்கள் அற்புதம் எனக் காட்டியதையெல்லாம் ஊர் ஊராகப் போய்ச் செய்துகாட்டி, எப்படிச் செய்தேன் என்றும் சொல்லிக்கொடுத்தார். ரகசியத்தை உடைக்கலாமா என்று மந்திரக் கலைஞர்களுக்குள் வரும் வருத்தம் புரிகிறது. ஆனால் ஏமாற்றுவதற்குப் பயன்படும் ரகசியத்தை உடைத்ததில் அவர்மேல் எனக்கு மரியாதை மட்டுமே உண்டு.

பூந்தமல்லியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும், பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கே இருக்கின்றன. அமெரிக்காவில் ரிச்சர்ட் டர்னர் என்று ஒரு சீட்டுக் கலைஞர், பார்வை இல்லை. கிம்மிக் எதையும் தொடாமல், கேட்ட சீட்டைக் கேட்ட இடத்தில் கொண்டுவருவார். பைசைக்கிள் நிறுவனமே தன் சீட்டின் தரத்தைத் தொட்டுச் சொல்ல அவரை வைத்துக்கொண்டது. சீட்டு எந்தப் பக்கத்திலிருந்து வெட்டப்பட்டது என்பதை விளிம்பைத் தடவியே அவர் சொல்வார். பிரெய்ல் புள்ளி பதித்த சீட்டுக்கட்டுகள் உலகில் உண்டு. பூந்தமல்லிப் பிள்ளைகளுக்குச் சீட்டு வித்தை கற்றுக்கொடுக்க யாராவது முன்வந்தால், கையா கட்டா என்ற விவாதத்துக்கு நாம் யாரும் நினைக்காத ஒரு பதில் அங்கிருந்து வரக்கூடும். அதை நான் உண்மையாகவே எதிர்பார்க்கிறேன்.

கற்றுக்கொள்ளத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு: முதலில் உள்ளூர்ச் சீட்டு இரண்டு கட்டு வாங்குங்கள், ஒரே நிறம், ஒரே அச்சு. கலைக்கவும் வெட்டவும் விரிக்கவும், கையைப் பார்க்காமல் பேசிக்கொண்டே செய்யவும் ஆறு மாதம் பழகுங்கள். அதுவரை கிம்மிக் வேண்டாம். பிறகு வாங்கும்போது, கண்டுபிடித்தவரிடமோ அவர் அனுமதி பெற்ற கடையிலோ வாங்குங்கள். மலிவு நகல் வாங்குவது இன்னொரு கலைஞரின் சோற்றைப் பிடுங்குவது.

விழா நடத்துபவர்களுக்கு: மேஜிக் கலைஞரை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிறுத்தி, முந்நூறு பேருக்குச் சீட்டு வித்தை காட்டச் சொல்லாதீர்கள். ஓரமாக ஒரு மேசை, மேலே நல்ல வெளிச்சம், நேராக அடிக்காத மின்விசிறி, சுற்றிப் பத்துப் பேர் போதும். பேசிய தொகையை அன்றைக்கே கையில் கொடுத்து அனுப்புங்கள்.